இதயத்துக்கு ரெட் ஒயின் மருந்தா?



சென்ற மாதம் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த நாளில், ஒரு சகோதரி எல்லோரும் போகும்வரை ஓரமாகக் காத்திருந்தார். தனக்குப் பார்க்க வரவில்லை என்றார். அவருடைய கணவருக்குப் பத்து மாதங்களுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். உடம்பு தேறியதும் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைத் தொடுவதில்லையாம். அதற்குப் பதிலாக ஒரு குப்பியிலிருந்து தினம் இரண்டு கேப்ஸ்யூல்.

"என்னவென்று கேட்டால், ரெட் ஒயினில் இருக்கிற சத்து, போதை இல்லை, ஹலால்தான் என்கிறார். பிரெஞ்சுக்காரனுக்கு ஹார்ட் அட்டாக் வராததே இதனால்தானாம். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். நீங்கள் யாராவது வந்து பேசுங்கள்" என்றார்.

நாங்கள் போய்ப் பேசினோம். அதைக் கடைசியில் சொல்கிறோம். தம்பதியர் இருவரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம், பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்த ஒரு குடும்பத்தின் கதையாக இருந்தால் எழுதியிருக்கவும் மாட்டோம். காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு பிரான்ஸ் அயல் நாடே அல்ல. மகனோ, மருமகனோ, பென்ஷன் வாங்கும் பெரியவரோ அங்கே இருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் சாக்லேட்டோடு இந்தப் பேச்சையும் கொண்டு வருகிறார்கள். "அளவாக ஒரு கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள்" என்ற வாசகம் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. நாம் குடிப்பவர்கள் அல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்த வாசகம் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, மருந்தை நிறுத்த வைக்கிறது. ஒரு நல்ல பொருளை அல்லாஹ் நமக்கு ஏன் தடுத்தான் என்ற கேள்வியையும் சிலர் மனத்தில் எழுப்புகிறது. ஆகவே இந்தக் கதை எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பிரெஞ்சுப் புதிர்

1991 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் "60 மினிட்ஸ்" நிகழ்ச்சி ஒளிபரப்பானது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்பு இறைச்சி என்று தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்கர்களைவிட மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்று அதில் கேட்டார்கள். பிரான்சின் இன்செர்ம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செர்ஜ் ரெனோ என்ற ஆய்வாளர் அதில் தோன்றி, ஒயின் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு "லான்செட்" மருத்துவ இதழில் அவரும் மிஷேல் த லோர்ஜெரிலும் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஆல்கஹால் என்ற அளவில் குடிப்பது இதய நோயை 40 சதவீதமாவது குறைக்கக்கூடும் என்றது அந்தக் கட்டுரை. இது "பிரெஞ்சுப் புதிர்" என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் ரெட் ஒயின் விற்பனை ஒரேயடியாக ஏறியது.

அதே 1991 ஜனவரியில்தான் பிரான்ஸ் அரசு மது விளம்பரங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் "எவான் சட்டம்" கொண்டுவந்தது. உலகமே பிரான்சைப் பார்த்து ஒயின் வாங்கக் கிளம்பிய வருடத்தில், பிரான்ஸ் தன் மக்களை அதிலிருந்து விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தது! தன் வீட்டு நிலவரம் அதற்குத் தெரியும். 1960களில் அங்கே ஓர் ஆள் சராசரியாக ஆண்டுக்கு 25 லிட்டருக்கும் மேல் சுத்த ஆல்கஹால் குடித்தார். கல்லீரல் கெட்டு இறந்தவர்கள் ஏராளம். 1956 வரை பள்ளிக்கூட உணவறையில் சிறுவர்களுக்கும் ஒயின் கொடுத்த நாடு அது. இப்போது அந்தக் குடி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அப்படி இருந்தும் 2015ஆம் ஆண்டில் பிரான்சில் மதுவால் ஏற்பட்ட மரணங்கள் சுமார் 41,000 என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கணக்குக் காட்டுகிறது. பாரிசிலிருந்து வருகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொண்டு வருவதில்லை.

புதிருக்கு வேறு விடைகளும் இருந்தன. 1999இல் பிரிட்டனைச் சேர்ந்த லா, வால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எளிமையான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இவ்வளவு விலங்குக் கொழுப்புச் சாப்பிடத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். பிரிட்டனில் அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கொழுப்பு குழாயை அடைக்கப் பல வருடங்கள் ஆகும். ஆகவே இன்றைய உணவோடு இன்றைய மரணத்தை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இறப்புச் சான்றில் இதய நோய் என்று எழுதும் வழக்கம் பிரான்சில் குறைவு என்பதும் வித்தியாசத்தில் ஒரு பங்கை விளக்கியது.

குடிக்காதவர்களுக்கு நோய் அதிகமா?

பிரெஞ்சுப் புதிர் மட்டும்தான் ஆதாரம் என்றால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் 1970களிலிருந்தே பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் வந்தன. அதிகம் குடிப்பவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் கொஞ்சமாகக் குடிப்பவர்களைவிட, அறவே குடிக்காதவர்களுக்கும் இதய நோய் சற்று அதிகமாகத் தெரிந்தது. இது ஒரு ஆய்வில் அல்ல, பல ஆய்வுகளில் வந்தது. இதை மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல. நேர்மையான ஆய்வாளர்கள் நேர்மையாகக் கண்ட கணக்குதான் அது.

கேள்வி என்னவென்றால், அந்தக் "குடிக்காதவர்கள்" யார்?

1988இல் ஷேப்பர் என்ற பிரிட்டிஷ் பேராசிரியரும் அவருடைய குழுவும் 24 ஊர்களைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பற்றிய தங்கள் ஆய்வைத் திரும்பப் பார்த்தார்கள். குடிக்காதவர் பட்டியலில் இருந்தவர்களில் பலர் முன்பு குடித்தவர்கள். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், கல்லீரல் கோளாறு என்று ஏதோ ஒன்று வந்ததால் நிறுத்தியவர்கள். நோய் வந்தபின் குடியை விட்டவரைக் குடிக்காதவர் கணக்கில் சேர்த்தால், குடிக்காதவர்களுக்கு நோய் அதிகம் என்றுதானே விடை வரும்?

நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறோம். வயிற்றுப்புண் வந்தவரிடம் மருத்துவர் காரத்தை நிறுத்தச் சொல்கிறார். அவரும் நிறுத்திவிடுகிறார். பிறகு ஒருவர் கையில் பேரேட்டோடு வந்து தெருவில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, "காரம் சாப்பிடாதவர்களுக்குத்தான் வயிற்றுப்புண் அதிகமாக இருக்கிறது, ஆகவே தினமும் கொஞ்சம் காரம் சாப்பிடுங்கள்" என்றால் நாம் என்ன சொல்வோம்?

2006இல் ஃபில்மோர், ஸ்டாக்வெல் முதலானோர் இப்படிப்பட்ட 54 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, இந்தத் தவறு இல்லாதவை ஏழுதான் தேறின. அந்த ஏழில் மதுவின் நன்மை தெரியவில்லை. 2023இல் ஸ்டாக்வெல்லும் இடம்பெற்ற ஒரு குழு, மொத்தம் 48 லட்சம் பேரை உள்ளடக்கிய 107 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தவறுகளைச் சரிசெய்தபின், குறைவாகக் குடிப்பவர்களுக்கு ஆயுள் கூடுகிறது என்று சொல்ல முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மேற்கு நாடுகளில் இரவு உணவோடு ஒரு கோப்பை ஒயினோடு நிறுத்திக்கொள்கிறவர் யார்? பெரும்பாலும் படித்தவர், நல்ல சம்பளக்காரர், நடைப்பயிற்சி போகிறவர், வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்கிறவர். டென்மார்க்கில் 35 லட்சம் கடை ரசீதுகளை ஆராய்ந்து 2006இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வந்தது. ஒயின் வாங்கியவர்களின் கூடையில் ஆலிவ், பழம், காய்கறி, கோழி, கொழுப்பு குறைந்த பாலாடைக்கட்டி இருந்தன. பீர் வாங்கியவர்களின் கூடையில் சிப்ஸ், வெண்ணெய், பன்றி இறைச்சி, தயார் உணவுப் பொட்டலங்கள். கூடையில் இருந்த கீரையும் பழமும் செய்த வேலைக்கு, பக்கத்தில் இருந்த பாட்டில் பெயர் வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் 2005இல் வந்த ஒரு ஆய்வில், இதய நோய்க்குக் காரணமான 30 அம்சங்களில் 27 அம்சங்கள் அளவாகக் குடிப்பவர்களைவிடக் குடிக்காதவர்களிடம் அதிகம் காணப்பட்டன. குடிக்காமல் இருந்ததால் வந்தவை அல்ல அவை. வறுமை, உடல் பருமன், மருத்துவ வசதி இல்லாமை போன்றவை.

அப்படியானால் உண்மையை எப்படித்தான் அறிவது? சீனாவில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. கிழக்கு ஆசிய மக்களில் பலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் உண்டு. ஒரு மடக்கு குடித்தாலே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். ஆகவே அவர்கள் குடிப்பது மிகக் குறைவு. இந்த மரபணு பணக்காரர், ஏழை, நோயாளி, ஆரோக்கியமானவர் என்று பார்த்து வருவதில்லை. பிறக்கும்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல. 2019இல் "லான்செட்" இதழில் வெளியான ஆய்வு, சீனாவின் பத்துப் பகுதிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்தது. வழக்கமான முறையில் கணக்குப் பார்த்தபோது, அளவாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு என்ற பழைய படமே வந்தது. மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது அந்த நன்மை மறைந்துவிட்டது. குடி கூடக் கூட இரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடிக்கொண்டே போயின. மாரடைப்பைப் பொறுத்தவரை பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. 2022இல் பிரிட்டனில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து இதே வழியில் செய்த ஆய்வும், குறைந்த அளவில் ஆபத்து சிறிதாகவும் அளவு கூடும்போது மிக வேகமாகவும் ஏறுவதைக் காட்டியது.

நேரடியாகவே சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பாதிப் பேருக்குத் தினம் ஒரு கோப்பை கொடுத்து, மீதிப் பேரை அறவே குடிக்காமல் இருக்கச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் பார்ப்பது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அப்படி ஒன்றைத் தொடங்கவும் செய்தது. சுமார் பத்துக் கோடி டாலர் திட்டம். பணத்தில் பெரும்பகுதி மது நிறுவனங்களிடமிருந்து வந்தது. அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறும்போதே, முடிவு மதுவுக்குச் சாதகமாக வரும் என்ற தோரணையில் பேச்சு நடந்தது செய்தித்தாள் மூலம் வெளியே தெரிந்து, 2018 ஜூனில் அந்த நிறுவனமே ஆய்வை நிறுத்திவிட்டது. கொடுக்கிறவன் யார் என்று பார்க்காமல் வாங்கினால் இப்படித்தான்.

எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அகாடமிகள் வெளியிட்ட அறிக்கை, அளவாகக் குடிப்பவர்களிடம் இதய மரணம் குறைவாகக் காணப்படுவதாக இன்னமும் சொல்கிறது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. அதுவும் பெரும்பாலும் மேலே சொன்ன கவனிப்பு ஆய்வுகளை வைத்து எழுதியதே. வாதம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் உலக இதயக் கூட்டமைப்பு 2022இல், எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதல்ல என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றது. 1988இலிருந்தே மது, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் வரிசையில் இருக்கிறது, புகையிலை இருக்கும் அதே வரிசை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் அது புற்றுநோயை உண்டாக்குகிறது. ஒயினா, பீரா, விஸ்கியா என்ற பேதம் இதில் கிடையாது.

இதயத்திலேயே நேரடியாக என்ன செய்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கிறது. ஆஸ்திரேலியாவில் இப்படித் தாளம் தவறும் நோயுள்ள 140 பேரில் பாதியைக் குடியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 53 சதவீதத்தினருக்கும் நிறுத்தாதவர்களில் 73 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. "மது நல்ல கொழுப்பைக் கூட்டுகிறதே" என்பார்கள். கூட்டுகிறது, உண்மைதான். ஆனால் நல்ல கொழுப்பை மாத்திரையால் வெகுவாகக் கூட்டிய ஒரு மருந்தை 2006இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, சாப்பிட்டவர்களில் மரணம் அதிகரித்ததால். இரத்தப் பரிசோதனைத் தாளில் எண் ஏறுவதும் இதயம் பிழைப்பதும் வேறு வேறு.

கேப்ஸ்யூல் விஷயம்

அந்தப் பெரியவர் வைத்திருந்தது ரெஸ்வெரட்ரால் என்ற பொருள். சிவப்புத் திராட்சைத் தோலில் சிறிதளவு உண்டு. 2006இல் எலிகளுக்கு இதை மிக அதிக அளவில் கொடுத்தபோது, கொழுப்பு உணவால் பருத்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. செய்தி உலகமெங்கும் பரவியது. அந்த அளவை மனிதனுக்குக் கணக்குப் போட்டால், தினம் நூற்றுக்கணக்கான லிட்டர் ஒயின் குடித்தால்தான் கிடைக்கும்! அதனால்தான் கேப்ஸ்யூல் வியாபாரம் வந்தது.

மனிதர்களிடம் என்ன ஆயிற்று? ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில், இரண்டு ஊர்களைச் சேர்ந்த 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் எவ்வளவு என்று அளந்து, ஒன்பது ஆண்டுகள் கவனித்தார்கள். 2014இல் முடிவு வந்தது. அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் ஆயுளிலோ, இதய நோயிலோ, புற்றுநோயிலோ எந்த வித்தியாசமும் இல்லை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, இந்தப் பொருளைப் பற்றிப் புகழ்ந்து எழுதிவந்த ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் 145 இடங்களில் தரவுகளைத் திரித்திருந்ததாக அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து அறிவித்தது.

ஆகவே அந்தக் கேப்ஸ்யூல் ஹலாலா ஹராமா என்பது ஒரு கேள்வி, அதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம். அது மருந்தா என்பது வேறு கேள்வி. மருந்தல்ல.

சிலர் திராட்சைச் சாறு நல்லது என்கிறார்கள். கருந்திராட்சைச் சாறு இரத்தக் குழாய்க்குச் சிறிது உதவுவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு டம்ளர் சாறில் இருக்கும் சர்க்கரை, நீரிழிவு உள்ளவருக்கு உதவாது. பழமாகக் கொஞ்சம் சாப்பிட்டால் போதும்.

மார்க்கம் என்ன சொல்கிறது

அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்டது இதுதான்: "குர்ஆனிலேயே அதில் பயன் இருக்கிறது என்று வருகிறதே. அந்தப் பயன் இதுவாக இருக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவையும் சூதாட்டத்தையும் பற்றிச் சொல்லும்போது, மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று சொல்லி நிறுத்துகிறது. அந்தப் பயன் வியாபார லாபம் என்றும், உடலுக்கான சில பயன்கள் என்றும் விரிவுரையாளர்கள் பலவாறு விளக்கியிருக்கிறார்கள். பிறகு தொழுகை நேரத்தில் விலகச் சொல்லி, கடைசியாக சூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனத்தில் முழுமையான தடை வந்தது. மருந்துக்காகத்தான் தயாரிக்கிறேன் என்று ஒரு தோழர் சொன்னபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதை முஸ்லிம் ஹதீஸ் நூலில் காண்கிறோம். இதய நோய்க்கு ஆகுமான மருந்துகள் இன்று எத்தனையோ இருக்கும்போது, வேறு வழியில்லை என்ற நிர்ப்பந்தத்துக்கும் இடமில்லை.

இங்கே எங்கள் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, பார்த்தீர்களா என்று மேடையில் முழங்குவது நமக்குப் பிடித்தமான பழக்கம். 1992இல் "லான்செட்" வேறு மாதிரி எழுதியபோது நாம் குடிக்கத் தொடங்கவில்லை. நாளை வேறொரு ஆய்வு வேறு மாதிரி சொன்னாலும் தொடங்கப் போவதில்லை. நாம் விலகி இருப்பது அல்லாஹ்வின் கட்டளைக்காக, ஆய்வு இதழுக்காக அல்ல. ஆய்வை ஆய்வாகப் படிப்போம், அதுவே அதற்கும் மரியாதை.

குடிக்காத நமக்கு ஏன் வருகிறது?

குடியை விட்டவர்களாக இருந்தும் நம் மஹல்லாவில் மாரடைப்பு குறைவாகவா இருக்கிறது? ஐம்பது வயதுக்கு முன்பே எத்தனை ஜனாஸா! 52 நாடுகளில் நடந்த "இன்டர்ஹார்ட்" ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுவாக 53 என்று வந்தது. மற்ற நாடுகளில் 59. மற்ற நாட்டினரிடம் மது சற்றே பாதுகாப்பதுபோல் தெரிந்த அதே ஆய்வில், தெற்காசியர்களிடம் அதுகூடத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். புகையிலை, நீரிழிவு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தொப்பை, நடமாட்டம் இல்லாமை, மனக்கவலை, காய்கறி பழம் குறைவு. காரணங்கள் இவைதான்.

கல்யாண வீட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, நெய்ச்சோறும் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கும் சகோதரர், "நம்மிடம் குடிப்பழக்கம் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்கிறார். ஒரு வாசல் அடைத்திருக்கிறது, மற்ற வாசல்களெல்லாம் திறந்து கிடக்கின்றன.

பிரெஞ்சுப் புதிரை எழுதிய அதே ரெனோவும் த லோர்ஜெரிலும் லியோன் நகரில் இன்னொரு ஆய்வு செய்தார்கள். அது ஏனோ அவ்வளவு பேசப்படவில்லை. மாரடைப்பு வந்து பிழைத்த 605 பேரில் ஒரு பாதியினருக்கு மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறையைக் கற்றுக்கொடுத்தார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த பூச்சு, இறைச்சியைக் குறைத்து மீன், காய்கறி, பருப்பு வகை, தினமும் பழம். 1994இல் முடிவு வந்தபோது, அவர்களிடம் மறு மாரடைப்பும் மரணமும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. இதில் எது நமக்குக் கிடைக்காதது? நம் கடற்கரையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் இருக்கின்றன. வறுக்காமல் குழம்பு வைத்தால் போதும். கீரை, கொண்டைக்கடலை, பயறு, கொய்யாப்பழம் எல்லாம் மலிவானவை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை நம் சகோதரிகள் நிறுத்தினாலே பாதி வேலை முடியும். சுபுஹு தொழுதுவிட்டு அரை மணி நேரம் நடக்க எந்த வைத்தியருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகை வாசகர்களுக்கும் ஒரு சொல். நம் வீடுகளிலும் இந்தப் பழக்கத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்குத் தெரியாமல் அழும் தாய்மார்களும் இருக்கிறார்கள். "கொஞ்சமாகக் குடித்தால் நல்லதுதான்" என்ற வாசகம் அவர்களுக்கு நல்ல சாக்கு. அவர்களை ஒதுக்கி வைக்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, உயிராபத்துகூட வரலாம். மருத்துவரிடம் அழைத்துப் போய் நிறுத்த வையுங்கள். எங்களிடம் சொன்னால் கூடவே வருகிறோம், யாருக்கும் தெரியாது. குடிப்பவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ, நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோ, சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால், இரண்டும் சேரும்போது வரும் ஆபத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி, அந்தப் பெரியவர். ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் வைத்த கம்பி வலை. அதன்மேல் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரைகள். மருத்துவர் சொல்லாமல் இடையில் நிறுத்தினால் வலை இருக்கும் இடத்திலேயே அடைத்துக்கொள்ளலாம். அப்படி அடைத்தால் பிழைப்பது கடினம். இதை அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஸ்டென்ட் வைத்தாயிற்று, குணமாகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்" என்றார். ஆஸ்பத்திரியில் யாரும் இதை அவருக்கு நின்று விளக்கவில்லை. கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அதில் எழுதியிருந்தது அவருக்குப் புரியாத மொழியில்.

மறுநாளே எங்களில் ஒருவர் அவரை இதய மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், அல்லாஹ்வின் கிருபையால் கோளாறு இல்லை. மாத்திரைகளை மறுபடி தொடங்கிவிட்டார். மாத்திரை நேரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார் அவர் மனைவி. கேப்ஸ்யூல் குப்பி இப்போது எங்கள் அலுவலக அலமாரியில் இருக்கிறது. விலை யூரோவில் கொடுத்ததாம், திருப்பி அனுப்பினால் பணம் தருவார்களா என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் இருந்தால், அவர் இன்று காலை மாத்திரை சாப்பிட்டாரா என்று ஒருமுறை கேளுங்கள். மருந்துச் சீட்டு புரியவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள், தமிழில் எழுதித் தருகிறோம். விலை கொடுக்க இயலாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் தயங்காமல் பைத்துல்மால் பொறுப்பாளரிடம் சொல்லலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வழக்கம்போல மாதத்தின் முதல் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பார்க்கப்படும். பெண்களுக்குத் தனி அறை உண்டு.